போலீஸுக்காக லாக் வைப்பது: சென்னை வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பத்தூரில் பட்டறை, தி.நகரில் லாட்ஜ், பாரிமுனையில் மொத்த வியாபாரம், ஓ.எம்.ஆரில் பத்துப் பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனி என்று பல இடங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்துகொடுப்பவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் 2022க்குப் பிறகு எந்த ஆபீஸுக்குப் போனாலும், "சார், போலீஸ் கேட்டா கொடுக்கறதுக்கு ஆறு மாச லாக் வெச்சிருக்கணுமாமே?" என்று யாராவது ஆரம்பிக்கிறார்கள். (லாக் என்பது யார் எப்போது என்ன செய்தார் என்று கணினியும் ரூட்டரும் தாமாக எழுதிவைக்கும் பதிவு.) 2025 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் வந்தபிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. கேட்பவர்களில் பலருக்கு ஹார்ட் டிஸ்க் செலவுதான் கவலை. என்னைக் கேட்டால் அது கடைசிக் கவலை. என்ன வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் குவித்து வைப்பதும், எழுத்தில் எதுவும் வாங்காமல் கேட்டவரிடம் தூக்கிக் கொடுப்பதும்தான் உண்மையான ஆபத்து.

எங்களுடையது சின்னக் கடை. எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் ஓர் உத்தரவு போட்டது. கணினி அமைப்புகளின் லாக் எல்லாவற்றையும் கடைசி 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும், செர்ட்-இன் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. இது சேவை நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள் ஆகியவற்றோடு 'பாடி கார்ப்பரேட்' எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்தச் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் கம்பெனி மட்டுமல்ல, கூட்டு வணிகமும் தனி உரிமையாளர் நடத்தும் கடையும் அடங்கும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 2022 செப்டம்பர் 25 வரை கொஞ்சம் கூடுதல் அவகாசம்தான், விலக்கு இல்லை.

அதற்காக, ஒரு கம்ப்யூட்டரில் டேலி ஓட்டும் பாத்திரக் கடைக்காரர் தூக்கம் கெட வேண்டியதில்லை. அவரிடம் இருக்கிற ரூட்டரும் விண்டோஸும் எழுதும் லாக்கை அழியாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பகுதி முடிந்தது. சொந்த சர்வர், சொந்த மெயில், வாடிக்கையாளர் லாகின் செய்யும் தளம் என்று வைத்திருப்பவர்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள்.

லாக் என்றால் எது? வாடிக்கையாளரோடு பேசியது, எழுதியது எல்லாமா?

இல்லை. ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குள் எது வரலாம், போகலாம் என்று பார்க்கும் காவல்), வெப் சர்வர், மெயில் சர்வர், டேட்டாபேஸ், ப்ராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்), விபிஎன் (இணையத்தில் மறைவாகப் போகும் தனிப் பாதை), முக்கிய கணினிகளின் நிகழ்வுப் பதிவு ஆகியவற்றை செர்ட்-இன் தன் விளக்கக் குறிப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. வெற்றிகரமான லாகின் மட்டுமல்லாமல் தோற்றுப்போன முயற்சியும் பதிவாக வேண்டும்.

ஒரு ஃபயர்வால் லாக்கைத் திறந்து பார்த்தால் ஒரு வரியில் இவ்வளவுதான் இருக்கும்: தேதி, நேரம், உள்ளே எந்த ஐபி (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குத் தரப்படும் முகவரி எண்), எந்த போர்ட் (ஒரே ஐபியில் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), வெளியே எந்த ஐபி, எத்தனை பைட் போனது, அனுமதித்ததா, தடுத்ததா. மெயில் சர்வர் லாக்கில் யார் யாருக்கு எப்போது அனுப்பினார், போய்ச் சேர்ந்ததா என்பது இருக்கும். கடிதத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது லாக்கில் சேராது. ஆனால் யார், யாருடன், எப்போது, எங்கிருந்து என்ற நான்கையும் வைத்தே ஒருவரின் வாழ்க்கையில் பாதியைப் படித்துவிடலாம். 'வெறும் லாக்தானே' என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

ஒருவர் 180 நாள் என்கிறார், இன்னொருவர் ஒரு வருடம், வேறொருவர் ஐந்து வருடம். எது சரி?

எல்லாமே சரி, ஆளுக்கு ஆள் வேறு. பொதுவான வணிகத்துக்கு செர்ட்-இன் சொன்ன 180 நாள். டேட்டா சென்டர், விபிஎன், கிளவுட், விர்ச்சுவல் சர்வர் விற்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி, எதற்காக வாங்கினார் என்பதையெல்லாம் அவர் கணக்கை முடித்தபிறகும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். தொலைபேசி, இன்டர்நெட் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு அழைப்புப் பதிவும் ஐபி பதிவும் முன்பு ஓராண்டு. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை இரண்டாண்டாக்கியது. மற்றவர்கள் பதிவிடும் தளம் நடத்தினால் 2021 இடைநிலையர் விதிகள் வரும்: ஒருவர் கணக்கை மூடிவிட்டுப் போனாலும் அவர் பதிவுசெய்தபோது கொடுத்த விவரத்தை 180 நாள் அழிக்கக் கூடாது.

இப்போது வந்திருக்கும் தனிநபர் தரவு விதிகளில் 8ஆம் விதி, தனிநபர் தரவோடு அதைக் கையாண்ட லாக்கையும் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கிறது. அந்தப் பகுதி அமலுக்கு வருவது 2027 மே மாதத்தில். எனவே இன்றைக்குப் புதிதாக ஏற்பாடு செய்பவர்களிடம், 180 நாளுக்கு இடம் பார்க்காதீர்கள், ஓராண்டுக்கே பாருங்கள் என்று சொல்கிறேன். இதையும் ஆடிட்டர் சொல்லும் எட்டாண்டு கணக்குப் புத்தகத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கம்பெனிச் சட்டம்.

நான் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். எனக்கு?

உங்களுக்கு 2011லிருந்தே தனி விதி இருக்கிறது. வருபவரின் அடையாள அட்டை, பெயர், முகவரி, எந்த மெஷினில் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்ற பதிவேடு ஓராண்டு. பார்த்த தளங்களின் பட்டியலும் ஓராண்டு. தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்பதுகூட அந்த விதியில் உண்டு.

இவ்வளவு லாக்கையும் வைக்க எவ்வளவு செலவாகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் இருக்கும் ஆபீஸில் ஃபயர்வால் சராசரியாக விநாடிக்கு 50 வரி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 43,20,000 வரி. வரிக்கு 300 பைட் என்றால் நாளுக்குச் சுமார் 1.3 ஜிபி, 180 நாளுக்குச் சுமார் 233 ஜிபி. லாக் வெறும் எழுத்து என்பதால் நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 25 ஜிபிகூட இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலை போதும்.

பணம் போவது வேறு இடத்தில். லாக் ஒழுங்காக வருகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் வேண்டும். கேட்கும்போது தேடி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிளவுடில் இருப்பவர்களுக்கு லாக்கை எழுதுவதற்கும் தேடுவதற்கும் தனித்தனியாக பில் வரும். இதையெல்லாம் அரசு திருப்பித் தரும் ஏற்பாடு எதுவும் செர்ட்-இன் உத்தரவில் இல்லை. பிரிட்டனில் இப்படி வைக்கச் சொன்னால் செலவில் பங்கு கொடுக்கச் சட்டமே இருக்கிறது. நம் ஊரில் அது உங்கள் பையிலிருந்துதான். சிறு நிறுவனங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எங்கள் லாட்ஜில் வைஃபை இருக்கிறது. யாரோ ஒரு விருந்தினர் செய்ததற்கு நாங்கள் மாட்டுவோமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகள் பலவற்றுக்கு ஒரே நாளில் வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது நினைவிருக்கும். அது போன்ற வழக்குகளில் போலீஸ் முதலில் தேடுவது ஒரு ஐபி முகவரியை. அந்த ஐபி உங்கள் லாட்ஜுடையது என்று வந்தால் அடுத்த கேள்வி, "எந்த ரூம்?"

நாற்பது அறை, ஒரே ஒரு வெளி ஐபி. எல்லா விருந்தினரும் வெளியே போகும்போது அந்த ஒரு ஐபியாகத்தான் தெரிவார்கள். உள்ளே யார் என்று பிரித்துச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும்: எந்தப் போனுக்கு எந்த உள் ஐபி எப்போது கொடுக்கப்பட்டது, அது எந்த போர்ட் வழியாக வெளியே போனது, அந்தப் போன் யாருடையது. முதல் இரண்டும் ரூட்டரில் இருக்கும். ஆனால் சாதா ரூட்டர் லாக்கைத் தன் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ஒரு பவர் கட் வந்தால் அதோடு போச்சு. எனவே ரூட்டர் எழுதும் லாக்கை உடனுக்குடன் வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி வைக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போனின் மேக் முகவரியை (வைஃபையில் அந்தக் கருவி காட்டும் அடையாள எண்) வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தாமாகவே போலி மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. அதனால் மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடும் ஏற்பாடு அவசியம். ரிசப்ஷனில் பாஸ்வேர்டை அச்சடித்து ஒட்டி வைத்திருக்கும் லாட்ஜ்களுக்குப் போலீஸிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்காது.

நேரம் விஷயத்தில் ஏதோ சிக்கல் வரும் என்கிறார்களே?

வரும். மெயிலோடு மறைவாக வரும் ஹெடர் விவரத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நோட்டீஸில் 11ஆம் தேதி 19:30 என்று இருக்கிறது, பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதவில்லை என்று வையுங்கள். அது பொது நேரமானால் சென்னையில் 12ஆம் தேதி அதிகாலை 1:00. நீங்கள் 11ஆம் தேதி மாலை ஏழரைக்கு அந்த வைஃபையில் யார் இருந்தார் என்று பார்த்துக் கொடுத்தால், சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக் கதவை போலீஸ் தட்டும். அதனால் பதில் எழுதுமுன், எந்த நேரக் கணக்கு, போர்ட் எண் என்ன என்ற இரண்டையும் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விவரம் தெரிந்த சைபர் கிரைம் அதிகாரிகள் தாங்களே எழுதியிருப்பார்கள். உங்கள் கணினிகளின் கடிகாரத்தை தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது என்ஐசியின் (அரசின் தேசிய தகவலியல் மையம்) நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும் என்பதும் 2022 உத்தரவில் இருக்கிறது. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். மரியாதையாகவே சொல்லுங்கள்: "தர்றோம் சார், ஒரு நோட்டீஸ் கொடுத்துடுங்க." பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 91ஆம் பிரிவு. ஸ்டேஷன்களில் இன்னும் பழக்கத்தில் '91 நோட்டீஸ்' என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு. நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ எழுத்துமூலம் கேட்கலாம். மின்னணுத் தகவலும் அது இருக்கும் கருவியும் இதில் அடங்கும். எழுத்து என்பது காகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மின்னணு வடிவிலும் அனுப்பலாம். எனவே அலுவல் முகவரியிலிருந்து மெயிலில் வந்த நோட்டீஸை 'இது செல்லாது' என்று ஒதுக்காதீர்கள். வழக்கு எண், பிரிவு, கேட்பவர் பதவி, எந்தக் காலத்துக்கு என்ன தகவல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம், போன் செய்தவர் உண்மையில் போலீஸ்தானா என்பதையும் பாருங்கள். சீருடை போட்டு வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டும் கும்பல்கள் இருக்கும் காலம் இது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் அவர்களுக்குத் தங்கச் சுரங்கம். ஸ்டேஷனின் நம்பரை நீங்களே தேடிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். மோசடி என்று தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் சரியாக இருந்தால் இழுத்தடிக்காதீர்கள். இடைநிலையர் விதிகளில் வரும் தளங்களுக்கு 72 மணி நேரம்தான். கேட்டதை மட்டும் கொடுங்கள். இரண்டு மணி நேர லாக் கேட்டால் இரண்டு மணி நேரம். 'எதுக்கு வம்பு' என்று மொத்த டேட்டாபேஸையும் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கும் முதலாளிகள் உண்டு. அந்தப் பென் டிரைவில் நூற்றுக்கணக்கான மற்றவர்களின் விவரமும் போகிறது. அதற்கு யாரும் உங்களைக் கேட்கவில்லை. என்ன கொடுத்தோம், யார் வாங்கினார், என்று என்பதற்குக் கையெழுத்தோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வழக்கு உங்கள் கம்பெனி மீதே என்றால் கதை வேறு, பதில் எழுதுமுன் வக்கீலைப் பாருங்கள்.

சர்வரையே எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

வணிகர்களின் பெரிய பயம் இதுதான். வேலை நின்றுவிடும். எடுக்க வரும்போது, தேவையான பகுதியைப் பிரதி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் ஒத்துக்கொள்வார்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால் மகஜரில் (பறிமுதல் பட்டியலில்) சீரியல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள், ஹேஷ் எண்ணையும் (தரவு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) அங்கேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறது. அது உங்களுக்கும் பாதுகாப்பு.

லாக்கை நீங்களே கொடுத்தால் அதோடு சான்றிதழ் ஒன்றும் கேட்பார்கள். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து, இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து, இரண்டிலும் ஹேஷ் எண். இது இல்லாமல் மின்னணுப் பிரதியைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் பழைய 65பி பற்றிய தீர்ப்பிலேயே தெளிவாக்கிவிட்டது. கையெழுத்துப் போடுபவர் பின்னால் கூண்டேறவும் நேரலாம். அதனால் புதிதாகச் சேர்ந்த பையனைப் போடச் சொல்லாதீர்கள்.

180 நாள் முடிந்தால் அழித்துவிடலாமா?

வேறு சட்டம் எதுவும் தடுக்கவில்லை என்றால் அழிக்கலாம். அழிக்க வேண்டும் என்றே சொல்வேன். உங்களிடம் இல்லாததைத் திருடனும் திருட முடியாது. ஆனால் நோட்டீஸ் வந்துவிட்டால், அல்லது வரப்போகிறது என்று தெரிந்தால், அது சம்பந்தப்பட்ட பகுதியில் அழிக்கும் ஏற்பாட்டை உடனே நிறுத்துங்கள். சாட்சியமாகக் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை வராமல் செய்ய அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 241ஆம் பிரிவில் குற்றம். வழக்கம்போல் தானாக அழிந்ததா, நோட்டீஸ் வந்தபிறகு அழிந்ததா என்பதைக் காட்ட, எத்தனை நாளில் எது அழியும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டு வைத்திருங்கள்.

இதே நோட்டீஸை வைத்துப் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாமா?

கூடாது. நடந்து முடிந்ததன் பதிவைக் கேட்பது ஒன்று, நடந்துகொண்டிருப்பதை இடைமறிப்பது வேறு. இடைமறிக்க உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். 2025 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் அளித்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். 2011இல் மத்திய உள்துறை போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை அவர் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல், ரகசியமாகக் குற்றம் கண்டுபிடிக்க மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது அதன் சாரம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இதைப் பற்றிக் கேட்கிறார். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். ஐரோப்பியர்களுக்கு இது ஆறாத புண். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தொலைத்தொடர்புப் பதிவுகளை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வைக்க ஓர் ஆணை கொண்டுவந்தது. எல்லோரையும் சந்தேகத்துக்குரியவர்போல நடத்துகிறது என்ற வாதத்தை ஏற்று 2014 ஏப்ரல் 8 அன்று அவர்கள் நீதிமன்றமே அதைத் தூக்கி எறிந்தது. இங்கே 2022 உத்தரவு வந்தபோது விபிஎன் விற்கும் சில வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் அதே கோபத்தில்தான். உங்கள் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யப் பயன்படுத்தும் ஆபீஸ் விபிஎன் அந்த ஐந்தாண்டு விதியில் வராது என்று செர்ட்-இன் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில், எந்த லாக் எத்தனை நாள், யார் கேட்டால் எந்தச் சட்டத்தின்கீழ் தருவோம் என்று எழுதிவிடுங்கள்.

லாக்கை எங்கே வைப்பது?

இந்தியாவுக்குள் என்று உத்தரவு சொல்கிறது. கேட்டால் தர முடியும் என்றால் வெளிநாட்டிலும் பிரதி இருக்கலாம் என்பது விளக்கக் குறிப்பு. என் கவலை வேறு. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தரைத்தளத்து ரேக்கில் லாக் சர்வரை வைத்துவிட்டு, 'தண்ணியில போயிடுச்சு சார்' என்று சொல்ல நேரக் கூடாது. மாடிக்கு ஏற்றுங்கள், வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

வைக்கவில்லை என்றால் தண்டனை?

செர்ட்-இன் கேட்டதைக் கொடுக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு ஒரு லட்சமாக இருந்ததை 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் கோடியாக்கியது. மறுபக்கத்தையும் பாருங்கள்: வைத்திருந்த தனிநபர் தரவைப் பாதுகாக்காமல் கசியவிட்டால் தனிநபர் தரவுச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். லாக் சர்வருக்குப் பூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் போதும்.

ஹேக் ஆகிவிட்டால் எத்தனை நேரத்தில் சொல்ல வேண்டும்?

தெரியவந்த ஆறு மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்கு. ராத்திரி, ஞாயிறு என்ற கணக்கெல்லாம் இல்லை.

யாரைப் பொறுப்பாளராகப் போடுவது?

உத்தரவுப்படி செர்ட்-இன் தொடர்புகொள்ள ஒருவரின் பெயர், போன், மெயில் கொடுத்துவைக்க வேண்டும். ஆள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் கொடுத்திருப்பது எப்போதோ வேலையை விட்டுப் போன சிஸ்டம் அட்மினின் பெயரும், மூடிவிட்ட மெயில் ஐடியும். ஆள் பெயரில் இல்லாத பொது மெயில் ஒன்றைக் கொடுத்து, அதை முதலாளி உட்பட இரண்டு பேர் பார்க்கும்படி வைத்தால் போதும்.